நூற்றெண்பது பிரதிகள் போன இடம்

வவுனியாவைத் தாண்டி வன்னிக்குள் போகும்போது என் பையில் நான்கு வேட்டி, மூன்று சட்டை, இரண்டு போத்தல் இருமல் மருந்து, நான் எழுதிய புத்தகத்தின் ஒரு பிரதி, அதன் இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியாக இருநூற்றுப் பதினான்கு தாள்கள் இருந்தன. சோதனைச் சாவடியில் ஒரு போத்தல் மருந்து குறைந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, எல்லாத்திலயும் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறியள். மற்றப் பக்கத்தைச் சும்மா விட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் பிள்ளைகள் பழைய ரசீதுகளின் முதுகில் கணக்குச் செய்வதாகச் சொன்னார். பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உள்ளே வருவதில்லை என்று லண்டனில் கேள்விப்பட்டிருந்தேன். கடதாசியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். என் சிறுபராயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். பதினேழு வயதில் நான் கொழும்புக்கு ரயில் ஏறுவதோடு அது முடிகிறது. ஐந்நூறு பிரதி அச்சிட்டேன். வெளியீட்டு விழாவில் எண்பத்தொன்று விற்றது. வந்தவர்கள் எண்பத்து மூன்று பேர். வாங்காத இருவரும் என் மைத்துனர்மார். நூற்றுப்பத்தை உறவினர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன். ஒன்பதை லண்டனுக்கு மகன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மிச்சம் முந்நூறையும் கிளிநொச்சியில் புத்தகக்கடை வைத்திருக்கும் மார்க்கண்டுவிடம் ஒப்படைத்திருந்தேன். அதன்பின் சண்டை வந்தது. பல வருடங்கள் எந்தச் செய்தியும் இல்லை.

போன கோடையில் கிளிநொச்சியிலிருந்து லண்டன் வந்த ஒருவர் என்னைத் தேடிவந்து, "மார்க்கண்டர் சொல்லச் சொன்னவர். முந்நூறும் முடிஞ்சுதாம். இரண்டாம் பாகம் இருந்தால் கேக்கினமாம்" என்றார்.

லண்டனில் எங்கள் தெரு நூலக வாசலில் கழித்த புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பத்துப் பென்சுக்கு வைத்திருப்பார்கள். மழை வந்தால் யாரும் அந்தப் பெட்டியை உள்ளே எடுப்பதில்லை. அப்படியிருக்க, கரண்ட் இல்லாத, கடிதம் போகாத ஓர் ஊரில் முந்நூறு பேர் என்னை வாசித்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தை அச்சிடுவதென்றால் என் சேமிப்பு முழுவதும் போய்விடும். மகன் சொன்னான், வாசிக்க ஆள் இருந்தால் அச்சிடுங்கள், இல்லாவிட்டால் அலுமாரியில் வையுங்கள் என்று. அச்சிட்டுவிட்டுச் சாவதா, அச்சிடாமல் சாவதா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. பேச்சுவார்த்தைக்காகச் சண்டை நின்ற அந்தச் சில மாதங்களில், முந்நூறு வாசகர்களையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

உள்ளே போக ஒரு பழைய ஒஸ்ரின் கார் கிடைத்தது. ஐந்து பேர் இருக்கவேண்டிய காரில் ஒன்பது பேர் இருந்தோம். அது மண்ணெண்ணெயில் ஓடியது. சாரதி யோகன் கண்மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருந்தான். கார் நிற்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் ஆறேழு சொட்டு விடுவான். அது இருமிக்கொண்டு எழும்பும். நானும் கூட இருமினேன். ஓமந்தைக்கு அப்பால் ஓரிடத்தில் எத்தனை சொட்டு விட்டும் எழும்பவில்லை.

"தம்பி யோகன், இது காரில்லை, குசினி அடுப்பு" என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

"அடுப்பெண்டால் இவ்வளவு நேரத்துக்குச் சோறாவது அவிஞ்சிருக்கும், அண்ணை. இறங்கித் தள்ளுங்கோ" என்றான் யோகன்.

யன்னலுக்குள்ளால் ஸ்ரியரிங்கைப் பிடித்த யோகனோடு எட்டுப் பேர் தள்ளினார்கள். வயதைப் பார்த்து என்னை மட்டும் இருக்கவிட்டார்கள். லண்டனில் பேருந்து பிந்தினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் நான், ஒரு காரை எட்டுப் பேர் தள்ள அதற்குள் தனியாக உட்கார்ந்து கிளிநொச்சியை நோக்கிப் போனேன்.

மார்க்கண்டுவின் கடை தகரக் கூரையோடு அப்படியே இருந்தது. புத்தகம்தான் இல்லை. தட்டுகளில் வெற்றிலை, சுருட்டு, பனங்கட்டி, ஒரு மூலையில் பழைய பஞ்சாங்கம் ஏழு. மார்க்கண்டு மெலிந்து பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து கட்டிப்பிடித்தார். மனைவியை அனுப்பித் தேநீர் வரவழைத்தார். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம்.

"மார்க்கண்டு, அந்த முந்நூறு பேரையும் எனக்குக் காட்ட வேணும்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முந்நூறும் போனது உண்மை, ஐயா. எல்லாம் புத்தகமாப் போகேல்லை."

"பின்னை?"

"நூற்றிருபது நிறையில போனது. கச்சான் கடலை சுத்தி விக்கிற ஆக்கள் எடுத்தவை. பேப்பருக்கு அவ்வளவு தட்டுப்பாடு. நீங்கள் போட்ட விலை இருபத்தைஞ்சு ரூபா. நிறுத்துப் பாத்தால் ஒண்டு முப்பத்திரண்டுக்குப் போகுது. நான் உங்களுக்கு நட்டம் வைக்கேல்லை. லாபம்தான்."

வாசிப்பதற்கு இருபத்தைந்து, கிழிப்பதற்கு முப்பத்திரண்டு. நான் எழுதாமல் வெறுந்தாளாகக் கட்டிக் கொடுத்திருந்தால் இன்னும் கூடக் கிடைத்திருக்கும். நண்பர்கள் சொன்னார்களே என்று கடைசி நேரத்தில் இரண்டு அத்தியாயங்களை வெட்டியது நினைவுக்கு வந்தது. அதிலும் நட்டம்.

"மற்ற நூற்றெண்பது?"

"அது நல்லாப் போனது!" மார்க்கண்டுவின் முகம் தெளிந்தது. "அது உருத்திரபுரத்தில ஒரு செத்தவீட்டுக்குப் போனது."

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதைக் கல்வெட்டு என்போம். முன்னால் இறந்தவரின் படம், அடுத்து அவருடைய வாழ்க்கை வரலாறு, சில தேவாரங்கள். தடைக்காலத்தில் அதை அச்சிடக் கடதாசி எங்கே? வயல் செய்துவந்த நாகமணி என்ற கமக்காரர் இறந்தபோது அவருடைய வீட்டார் மார்க்கண்டுவிடம் வந்து அழாத குறையாக நின்றிருக்கிறார்கள். மார்க்கண்டு வழி கண்டுபிடித்தார். ஏற்கனவே அச்சான ஒரு புத்தகத்தில் முன் தாள்களைக் கிழித்துவிட்டு, இறந்தவரின் படத்தை ஒட்டிக் கொடுப்பது.

"ஏன் என்ர புத்தகம்? பிடிச்சிருந்ததோ அவைக்கு?"

"வேற ஒண்டும் நூற்றெண்பது இருக்கேல்லை, ஐயா."

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

அவர் என்னைத் தேற்றப் பார்த்தார். "நீங்கள் நினைக்கிறியள், வாசகர் புத்தகத்தைத் தேடி வருவினம் எண்டு. இருபது வருசமாக் கடை வைச்சிருக்கிறன், அப்பிடி வந்தவையை விரல் விட்டு எண்ணலாம். கல்வெட்டு அப்பிடியில்லை. சடங்குக்கு வந்த எல்லாற்ற கையிலயும் போகும். வாங்கமாட்டன் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. செத்தவற்ற படம் கிடக்கிற புத்தகத்தைக் கிழிச்சுக் கச்சான் சுத்தவும் ஏலாது. சாமித்தட்டில வைப்பினம். இரவில ரேடியோ இல்லை, பேப்பர் இல்லை. எடுத்து வாசிப்பினம். இதைவிட நல்ல விற்பனை எந்த ஊரில இருக்கு, சொல்லுங்கோ?"

லண்டனில் எந்தப் பதிப்பகத்தாரும் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. இருந்தாலும் இரவு குளத்து மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும் எனக்கு இறங்கவில்லை. மீனில் முள் அதிகம் என்று மார்க்கண்டுவின் மனைவியிடம் பொய் சொன்னேன்.

அடுத்த நாள் அவருடைய சைக்கிள் கரியரில் ஏறி உருத்திரபுரம் போனேன். வாய்க்காலோரம் வெயில் ஏறமுன்னரே ரியூப் காற்றுப் போனது. ஒட்டுவதற்குப் பசை இல்லை. மார்க்கண்டு ஓட்டையைக் கிள்ளிப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டினார். அதன்பின் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கட்டு என் முதுகெலும்பில் ஒருமுறை குத்தியது. இருபுறமும் வயல் பச்சையாகக் கிடந்தது. அதைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. என் பெயர் இல்லாமல் என் புத்தகம் எப்படி இருக்கும் என்பதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டாரின் பெயர்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் இதை வாசித்தால் தீங்கு வரும். அதற்காக நான் பெரிதாகப் பயப்படவில்லை. என் பெயரோடு அச்சாகும் எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

மார்க்கண்டு என்னை வாசலில் இறக்கி, "இந்த ஐயா நாகமணியற்ற ஆள், லண்டனிலயிருந்து வந்திருக்கிறார்" என்று குரல்கொடுத்துவிட்டு, பின்னேரம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். யாருடைய ஆள் என்று திருத்துவதற்குள் நாகமணியின் மகள் மலர் கதிரை கொண்டுவந்து போட்டாள். நாகமணியின் மனைவி அன்னலட்சுமி வெள்ளைச் சேலையில் வந்து நிலத்தில் அமர்ந்தார். பக்கத்து வளவுப் பொன்னுத்துரை, வெளிநாட்டு ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வேலிப் பொட்டால் நுழைந்து வந்தார்.

சாமித்தட்டில் மூன்று படங்களுக்கு நடுவே என் புத்தகம் இருந்தது. மேலே ஒட்டிய வெறும் மட்டையில் சந்தனப் பொட்டு. எடுத்துத் திறந்தேன். நாகமணி நேராகப் பார்த்தார். அகன்ற நெற்றி, இறுகிய வாய். படத்தை ஒரு பழைய கலண்டரின் முதுகில் அச்சிட்டிருந்தார்கள். தாளைத் திருப்பினால் இலட்சுமியின் ஒரு பாதமும் அரைத் தாமரையும் தெரிந்தன. என் அட்டையும் தலைப்புத் தாளும் முன்னுரையும் போய்விட்டிருந்தன. அதற்கடுத்த பக்கத்தில், "நான் பிறந்தபோது எங்கள் வீட்டுக் கிணறு வற்றியிருந்தது" என்று என் முதல் அத்தியாயம் தொடங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாகமணியின் முகத்துக்கு அடுத்த பக்கத்தில் "நான்". புத்தகம் முழுவதிலும் என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அம்மா என்னைத் தம்பி என்பார். அப்பா எடேய் என்பார். வேறு யாரும் என்னை அழைப்பதே இல்லை.

"என்ன மாதிரி எழுதியிருக்கிறார் பாத்தியளே!" என்றார் பொன்னுத்துரை. "முப்பத்தைஞ்சு வருசம் பக்கத்து வளவு. தண்ணி திறந்தாச்சோ எண்டு கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். உள்ளுக்குள்ள இவ்வளவு கிடந்திருக்கு. நான் ரண்டு தரம் வாசிச்சிட்டன். எங்கட ரோட்டில வாசிக்காத வீடு இல்லை."

"ரயில் ஏறினதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. "இரண்டாம் பாகம் கேட்டதாச் சொன்னவை."

"ஆரோ மார்க்கண்டரிட்டைக் கேட்டிருப்பினம். அது என்னத்துக்கு? பிறகுதான் இஞ்ச வந்து காடு வெட்டினவரே. அது எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே!"

அறுபது வருட வாழ்க்கை. கொழும்பு, கச்சேரி, கலியாணம், இரண்டு பிள்ளைகள், இடமாற்றங்கள் பதினொன்று. இருநூற்றுப் பதினான்கு தாள். அதற்கு இங்கே இடம் இல்லை. நான் ரயில் ஏறினேன், உருத்திரபுரத்தில் இறங்கிக் காடு வெட்டினேன், இறந்தும்போனேன்.

"இது அவற்ற கதை இல்லை!" என்று கத்திவிட்டேன். "இது என்ர கதை!"

மலர் சிரித்தாள். கேலியாகச் சிரிக்கவில்லை. பழகிப்போன ஒன்றுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தாள்.

"நீங்கள் மூண்டாவது ஆள், மாமா. முதல் முரசுமோட்டையில இருந்து ஒரு தாத்தா வந்தவர். கிணறு, சோதினை, அடி எல்லாம் தன்ரயாம். பிறகு முல்லைத்தீவில இருந்து சூசையப்பு எண்டு ஒருத்தர். ரயிலை வள்ளம் எண்டு மாத்தினால் அப்பிடியே தன்ர கதை எண்டு சொல்லி, அந்த முற்றத்தில இருந்து அழுதவர். சோறு குடுத்துத்தான் அனுப்பினனாங்கள். நீங்களும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

பொன்னுத்துரை, "ஓமோம், அந்தக் காலத்து ஆக்களுக்கு எல்லாருக்கும் ஒரே கதைதானே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்த வழியே போனார்.

என் பையைத் திறந்தேன். அட்டையோடும் பெயரோடும் முன்னுரையோடும் இருந்த என் பிரதியை எடுத்து அன்னலட்சுமியின் கையில் வைத்தேன். பின் அட்டையில் என் படமும் இருந்தது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மலரின் சிரிப்பு நின்றது.

"எனக்குத் தெரியும்" என்றார் அன்னலட்சுமி. "எழுதினது நீங்கள் எண்டு தெரியாது. அவரில்லை எண்டு தெரியும். அவர் ஒருநாளும் ரயில் ஏறினதில்லை."

"பின்னை ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"முதல் வந்து புகழ்ந்த ரண்டு அயலவைக்குச் சொன்னனான். சடங்குக்குத் தந்த புத்தகம், அவர் எழுதினதில்லை எண்டு. நான் துக்கத்தில பிசத்துறன் எண்டு நினைச்சினம். பிறகு சுவிஸில இருந்து மகன் ரவியின்ர கசற் ஒரு ஆளிட்ட வந்தது." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "மலர், சைக்கிளை எடு. ஐயாவும் கேக்கட்டும்."

பற்றரி இல்லாத ஊரில் கசற் கேட்கும் விதத்தை அன்றுதான் கண்டேன். சைக்கிளை இரட்டைக்கால் ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தில் டைனமோவை அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்திருந்தார்கள். மலர் ஏறி மிதித்தாள். நாகமணியின் மகன் பேசத் தொடங்கினான்.

"அம்மா, புத்தகம் வந்தது. அப்பா சோதினையில பெயில் எண்டு அவற்ற அப்பா கிணத்துத் துலாக்கயிறால அடிச்ச இடத்தை வாசிச்சன். அம்மா, அப்பா எனக்கு அடிச்சதும் துலாக்கயிறாலதானே. அந்த அடியோட வீட்டை விட்டு வந்தனான். அதுக்குப் பிறகு அவரோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. தனக்கும் உப்பிடி நடந்தது எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தால்... ஒரு கோவமும் இல்லையம்மா இப்ப. அப்பாவில எனக்கு ஒரு கோவமும் இல்லை."

மலர் மிதிப்பதைத் தளர்த்திய இடங்களில் அந்தக் குரல் இழுபட்டு ஒரு கிழவனின் குரலாகத் தாழ்ந்தது. அவள் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி வேகமாக மிதித்தாள்.

"அம்மா, பரமேஸ் மாமி இப்ப எங்க இருக்கிறா? அப்பா ரயில் ஏறேக்க அவா காய்ச்சலில கிடக்கிறா எண்டு புத்தகம் முடியுது. அப்பாக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா எண்டு நீங்கள் எங்களுக்குச் சொல்லவே இல்லையே. உயிரோட இருந்தால் சொல்லுங்கோ. அப்பாக்குச் செய்யாததை அவாக்குச் செய்யிறன்."

மலர் காலை எடுத்தாள். பரமேஸ் என் தங்கை. அவளுடைய பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை காலம் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

"இதுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?" என்றார் அன்னலட்சுமி. "இவருக்குத் தங்கச்சியே இல்லை. மாசக்கணக்கா ஒண்டும் அனுப்பாமல் இருக்கிறன். பிள்ளை அங்க பாத்துக்கொண்டு இருக்கும்." அவர் ரெக்கோடரை என் பக்கம் தள்ளினார். "மறுபக்கம் வெறுமையாக் கிடக்கு. நீங்களே சொல்லுங்கோ. உங்கட பேரைச் சொல்லிறதெண்டாலும் சொல்லுங்கோ. அது உங்கட உரித்து. நான் மறிக்கமாட்டன்."

அவருடைய முகத்தில் கெஞ்சல் இல்லை. அதுதான் என்னை அதிகம் வதைத்தது. ஐந்நூறு பிரதியில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு பெயர். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். சொன்னால் ரவிக்குத் தகப்பன் மறுபடியும் துலாக்கயிறோடு நிற்கிற ஒருவராகப் போய்விடுவார். மலர் சைக்கிளில் ஏறினாள். கசற்றைத் திருப்பிப் போட்டு, பதிவு செய்வதற்கான இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினேன்.

"தம்பி ரவி" என்றேன். என் பெயரைச் சொல்லத்தான் மூச்சு எடுத்தேன். "நான் உங்கட அப்பாவின்ர சிநேகிதன். லண்டனில இருக்கிறன்."

அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரமேஸ் அந்தக் காய்ச்சலோடயே கண்ணை மூடிப்போட்டா, தம்பி. உங்கட அப்பாக்கு வீட்டில ஒருத்தரும் அறிவிக்கேல்லை. படிப்புக் குழம்பிப்போம் எண்டு மறைச்சவை. அவர் தீபாவளிக்கு வீட்டை வந்தார். வாசல் படலையடியில நிண்டு அவாவைத்தான் முதல் கூப்பிட்டவர். அவாக்கெண்டு வாங்கின ரிப்பன் அவற்ற பொக்கற்றுக்குள்ள இருந்தது. அதை அவர் ஒருத்தருக்கும் காட்டேல்லை. அதுக்குப் பிறகுதான் அவருக்குக் கதை பேச்சுக் குறைஞ்சது. உங்களில வெறுப்பில்லை, தம்பி. அண்டையோட அவருக்குக் கதை வராமல் போட்டுது."

இரண்டாம் பாகத்தில் இது முதல் அத்தியாயம். அங்கே நான் ரிப்பனை எழுதவில்லை. அதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மலர் மிதித்தபடியே, கண்ணால் நீர் ஓட, கசற் ஓடுகிறது என்பதையும் மறந்து கேட்டாள்:

"என்ன நிற ரிப்பன், மாமா?"

"பச்சை" என்றேன்.